25ல மோட்டார் நின்னுடுமாமே? இ-எம்டிபி வாங்குறதுக்கு முன்னாடி எதை எதோட ஒப்பிடணும்

எலக்ட்ரிக் மவுண்டன் பைக் (சுருக்கமா இ-எம்டிபி) வாங்கலாம்னு நினைக்கிறவங்க முக்கால்வாசிப் பேருக்கு வர்ற முதல் பயம் விலை இல்ல, பேட்டரி கூட இல்ல, "25 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் மோட்டார் கட் ஆயிடும், அப்புறம் 24 கிலோ இரும்பைத் தனியா மிதிக்கணும், இதுக்கா 6000 யூரோ?"ங்கிறதுதான். நான் இருக்குறது தெற்கு ஜெர்மனி, இங்க வாரக்கடைசில மலைக்குப் போனா எதிர்ல வர்ற சைக்கிள்ல பாதி மோட்டார் வச்சதாதான் தெரியுது. அதே நேரம் கலிஃபோர்னியால இருக்குற நம்ம பசங்க 32 கிமீ லிமிட்ல ஓட்டிட்டு "உங்களுது குழந்தை சைக்கிள்"ன்னு கிண்டல் வேற பண்றாங்க. அதனால இந்த 25 லிமிட் ட்ரெயில்ல, அதாவது மலை, காட்டு மண் பாதைல, உண்மையிலேயே எவ்வளவு கெடுக்குது, அதுக்காக வேற என்ன வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு ஒருதடவை எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். 25ங்கிறது சைக்கிளோட டாப் ஸ்பீடு இல்ல. ஐரோப்பாவுல சட்டம் சொல்றது இவ்வளவுதான்: மோட்டாரோட தொடர் பவர் 250 வாட்டுக்குள்ள இருக்கணும், நீங்க மிதிச்சாதான் அது உதவணும், 25 கிமீ வேகத்துல அந்த உதவி நிக்கணும். அதுக்கு மேல நீங்க கால்ல மிதிச்சு 35 போங்க, இறக்கத்துல 60 போங்க, யாரும் கேக்கப் போறதில்ல. இந்த 250 வாட்டும் பேப்பர்ல இருக்குற நம்பர்தான், ஏன்னா அது தொடர்ந்து ஓடும்போது உள்ள ரேட்டிங், பீக் பவருக்கு, அதாவது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் குடுக்குற உச்ச பவருக்கு, அதுல கட்டுப்பாடு இல்ல. பாஷ் கம்பெனியோட பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் மோட்டார் ரொம்ப நாளா 600 வாட் பீக் குடுத்துட்டு இருந்துச்சு, 2025ல சாஃப்ட்வேர் அப்டேட்ல 750க்குப் போயிடுச்சு. டிஜேஐ கம்பெனி, ட்ரோன் பண்றவங்கதான், 2024ல அவினாக்ஸ்னு ஒரு மோட்டாரை இறக்கி பூஸ்ட்ல 1000 வாட்னு காமிச்சாங்க. எல்லாமே சட்டப்படி "250 வாட்" சைக்கிள்தான், சிரிப்பு வருதுல்ல.

அமெரிக்காவுல கணக்கு வேற. கிளாஸ் 1னா மிதிச்சா மட்டும் உதவி, மணிக்கு 20 மைல் வரைக்கும், அதாவது 32 கிமீ. கிளாஸ் 2ல அதே வேகம், ஆனா த்ராட்டில் உண்டு, மிதிக்காமலே கையால முறுக்கி ஓட்டலாம். கிளாஸ் 3 வந்து 28 மைல், 45 கிமீ. மலை ட்ரெயில்ல பேசுறப்ப கிளாஸ் 1தான் கணக்குல வரும். கனடாவுலயும் 32, பிரிட்டன் ஆஸ்திரேலியா ரெண்டுலயும் 25, நியூசிலாந்துல வேகத்துக்கு லிமிட்டே இல்ல, பவருக்கு மட்டும் 300 வாட்னு வச்சிருக்காங்க. ஜப்பான்ல இன்னும் கறார், 10 கிமீ தாண்டினதுமே உதவி குறைய ஆரம்பிச்சு 24ல ஜீரோ ஆயிடும். நம்ம ஊர்லயும் 250 வாட்டுக்குள்ள, 25 கிமீக்குள்ள இருந்தா மோட்டார் வாகனமா கணக்கு இல்ல, லைசன்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் எதுவும் வேண்டாம், அதனால கோயம்புத்தூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கும் கீழ சொல்றதுல பெரும்பகுதி பொருந்தும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த 25ஐ ட்ரெயில்ல நீங்க எங்க முட்டுவீங்க?

ஏத்தத்துல முட்ட மாட்டீங்க, கணக்குப் போட்டே பாத்துடலாம். ஆளு, சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோன்னு வச்சுக்கோங்க. 10 சதவீத ஏத்தம், மண் பாதை, தடிமனான டயர். 15 கிமீ வேகத்துல ஏறவே கிட்டத்தட்ட 500 வாட் வேணும். அதே ஏத்தத்துல 25 போகணும்னா 900 வாட், 32 போகணும்னா 1250 வாட் மாதிரி வருது. சாதாரணமா ஓட்டுறவங்க கால்ல இருந்து தொடர்ந்து வர்றது 150, 200 வாட், அதோட மோட்டார் 600 சேர்த்தாலும் 800 தாண்டாது, அப்புறம் 25 எங்க தொடுறது? இது நேர் ரோடு மாதிரி இருந்தாதான், வேரும் கல்லும் கொண்டை ஊசி வளைவும் இருக்குற சிங்கிள்ட்ராக்ல (ஒரு ஆள் மட்டும் போற ஒத்தையடிப் பாதை) 8ல இருந்து 12 கிமீல போனாலே நல்லா ஓட்டுறீங்கன்னு அர்த்தம். அங்க லிமிட்டை 32 ஆக்கினாலும் 45 ஆக்கினாலும் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இ-எம்டிபியோட நிஜமான சந்தோஷமும் அந்த இடத்துலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். சாதா சைக்கிள்ல தள்ளிட்டுப் போன செங்குத்தான பாதைல ஏறுறது, ஒரு வேர்ப்படிக்கு முன்னாடி முன் வீலைத் தூக்கி, மிதிய நிறுத்தினதுக்கு அப்புறமும் மோட்டார் ஒரு நொடி தள்ளி விடும்பாருங்க அதை வச்சு பின் வீலை மேல ஏத்துறது, இதெல்லாம் பத்து கிமீ வேகத்துல நடக்குற விளையாட்டு. வேகத்தைப் பத்திக் கவலைப்படுறவங்க இதை ஒருதடவை பண்ணிப் பாத்துட்டு வந்தா பேச்சு மாறிடும்.

இறக்கத்துலயும் லிமிட் கிடையாது, மோட்டார் அங்க சும்மா கூட வருது, அவ்வளவுதான். இறக்கத்துல எடைதான் பேசும்: 24 கிலோ சைக்கிள் கல்லு மேல அலையாம ஒட்டிட்டுப் போகும், ஆனா தூக்கித் தாண்டணும், சட்டுனு திருப்பணும்னா உங்க தோள் வேலை செய்யணும்.

அப்ப பிரச்சினை எங்கன்னா, நடுவுல. என் கணக்குல சுமார் 6 சதவீத ஏத்தத்துல இருந்து 2 சதவீத இறக்கம் வரைக்கும் உள்ள அந்தக் குறுகிய பட்டை, அதுலதான் லிமிட் உறைக்குது. சமதளமான மண் ரோட்டுல 25 போக ஒரு 235 வாட் வேணும், 30 போக 340. நீங்க 150 வாட் மிதிக்கிற ஆளுன்னா 24.9 வரைக்கும் மோட்டார் மீதியைக் குடுத்துட்டு இருக்கும், 25 தாண்டினதும் மொத்தமும் உங்க தலைல, உடனே வேகம் இறங்கும், மோட்டார் திரும்ப வரும், திரும்பப் போகும். காட்டு ரோட்டுல பத்து நிமிஷம் இப்படிப் போனா எரிச்சலாதான் இருக்கும், அதை நான் மறுக்கல. கூட சாதா சைக்கிள்ல நல்லா மிதிக்கிற ஆளு வந்தா இன்னும் மோசம், ஏத்தத்துல நீங்க அவருக்காகக் காத்திருந்தீங்க, சமதளத்துல அவரு 28ல சிரிச்சுட்டே முந்திட்டுப் போவாரு.

அதைவிட எனக்குக் கடுப்பாகுறது ஃப்ளோ ட்ரெயில்தான். லேசான இறக்கம், வரிசையா வளைவு, நடுநடுவுல ரெண்டு மிதி மிதிச்சு வேகம் ஏத்தணும், வேகம் 22க்கும் 30க்கும் நடுவுல ஆடிட்டே இருக்கும். வளைவை விட்டு 23ல வெளிய வந்து மிதிச்சா மோட்டார் தள்ளுது, அடுத்ததுல 26ல வந்து மிதிச்சா ஒண்ணுமே இல்ல, சின்ன ஜம்ப்புக்கு முன்னாடி எவ்வளவு வேகம் கிடைக்கும்னு உடம்புக்குப் பழகவே மாட்டேங்குது. இங்க 32 லிமிட் இருந்தா நல்லா இருக்கும்னு வெளிப்படையாவே சொல்லிடுறேன்.

ஆனா அந்த எரிச்சலோட அளவு மோட்டாரைப் பொறுத்து ரொம்ப மாறும், வாங்குறவங்க இதைத்தான் பாக்கணும். சில மோட்டார் 25 நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா உதவியைக் குறைச்சு விலகும், எப்ப போச்சுன்னே தெரியாது. சிலது டக்குனு விட்டுடும், பிரேக் பிடிச்ச மாதிரி இருக்கும். பழைய மோட்டார்ல இன்னொரு கொடுமை, லிமிட் தாண்டினதும் உள்ள இருக்குற கியரையும் சேர்த்து நீங்கதான் சுத்தணும், பாஷோட முந்தைய தலைமுறை, சின்னப் பல்சக்கரம் வச்ச மாடல், இதுக்குப் பேர் போனது. 2020 மாடல்ல இருந்து வந்த சிஎக்ஸ் லிமிட்டுக்கு மேல தன்னைக் கழட்டி விட்டுடுது. செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்குதேன்னு பழசை வாங்கிட்டு "25 லிமிட் மோசம்"னு புலம்புறவங்க பலருக்குப் பிரச்சினை லிமிட் இல்ல, அந்த இழுவைதான்.

இப்ப ஒவ்வொரு வழியா வருவோம்.

25 லிமிட்டோட ஃபுல் பவர் சைக்கிள். டார்க் (மோட்டார் சுத்துற விசை) 85 நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல, 22ல இருந்து 25 கிலோ, 600லருந்து 800 வாட் அவர் பேட்டரி. மலை பக்கத்துலயே இருக்கு, ஒரு ரவுண்டுல 1000, 1500 மீட்டர் ஏறுவேன், சமதளம் கம்மின்னா கண்ண மூடிட்டு இதான். லிமிட்டை நீங்க கவனிக்கவே மாட்டீங்க.

25 லிமிட்டோட லைட் சைக்கிள். டிக்யூ எச்பிஆர்50, ஃபஸுவா ரைடு 60, பாஷ் எஸ்எக்ஸ், ஸ்பெஷலைஸ்டு எஸ்எல் மாதிரி மோட்டார் வச்சது, டார்க் 50, 60தான், எடை 16ல இருந்து 19 கிலோ. "லைட் சைக்கிள்ல லிமிட்டைத் தாண்டி சுலபமா மிதிக்கலாம்"னு கடைக்காரர் எல்லாரும் சொல்வாங்க, இது பாதி உண்மை. 7 கிலோ கம்மியானா சமதளத்துல ஒரே சீரா 28ல போறதுக்கு மிச்சமாகுறது 10 வாட் மாதிரிதான், பெருசா ஒண்ணுமில்ல. வித்தியாசம் வர்றது ரெண்டு இடத்துல: ஒவ்வொரு வளைவுக்கு அப்புறமும் திரும்ப வேகம் எடுக்கும்போது, அப்புறம் டயர்ல. லைட் சைக்கிள்ல மெல்லிசான, சீக்கிரம் உருள்ற டயர் போட்டு வருது, ஃபுல் பவர்ல கனமான, ஒட்டுற ரப்பர் டயர். அதனால 25 மேல மிதிக்கக் கஷ்டமா இருக்குன்னு ஃபுல் பவரை விக்கப் பாக்குறவங்க முதல்ல பின் டயரை மட்டும் மாத்திப் பாருங்க, ஐம்பது அறுபது யூரோ வேலை. இருந்தாலும் மேலும் கீழுமா ஏறி இறங்குற ட்ரெயில், ஃப்ளோ ட்ரெயில் அதிகமா ஓட்டுறவங்களுக்கு லைட் சைக்கிள்தான் ஜாலி, லிமிட் வர்றப்ப கோவம் வராது, ஏன்னா கீழயும் மோட்டார் ரொம்பத் தள்ளல, நின்னப்ப இழப்பு சின்னதா தெரியுது. செங்குத்தா ஏறணும்னா நீங்களும் வேர்க்கணும், அதுக்குத் தயாரா இருங்க.

32 லிமிட் சைக்கிள், அதாவது அமெரிக்கா கிளாஸ் 1. இது நீங்க தேர்ந்தெடுக்குறதுன்னு சொல்றதைவிட நீங்க இருக்குற நாடு தேர்ந்தெடுக்குறது. சமதளத்துல, ஃப்ளோ ட்ரெயில்ல சந்தேகமே இல்லாம மேல், அந்த மேலும் கீழும் ஆடுற எரிச்சல் கிட்டத்தட்ட காணாமப் போயிடும், ஏன்னா 32 போக சமதளத்துல 385 வாட் வேணும், பல ட்ரெயில்ல வளைவே உங்களை அந்த வேகத்துக்கு விடாது. நேரம் மிச்சமாகுதேன்னு வாங்குனா மட்டும் ஏமாந்துடுவீங்க. 10 கிலோமீட்டர் சமதளத்தை 25ல 24 நிமிஷம், 32ல 19 நிமிஷம், அஞ்சு நிமிஷ வித்தியாசம், அதை மேல காபி குடிக்கிற இடத்துல செலவழிச்சிடுவீங்க.

ஆனா அந்த ஏழு கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்கு வேற பக்கம் ஒரு விலை இருக்கு. 25ல இருந்து 32 போனா பிரேக் தின்ன வேண்டிய சக்தி 64 சதவீதம் கூடுது, எதிர்ல நாயோட நடந்து வர்றவங்க இருக்குற பாதைல இது சின்ன விஷயம் இல்ல. அமெரிக்காவுல எங்க ஓட்டலாம்ங்கிறதே பெரிய தலைவலி. அங்க ஃபாரஸ்ட் சர்வீஸ், அதாவது தேசியக் காடுகளைப் பாத்துக்குற துறை, இ-பைக்கை மோட்டார் வண்டியாவே பாக்குது, மோட்டார் சைக்கிளுக்குத் திறந்த ட்ரெயில்ல போகலாம், மத்ததுல அந்தந்த இடத்து நிர்வாகம் தனியா அனுமதிச்சாதான். 2019ல இன்டீரியர் டிபார்ட்மெண்ட் (அரசு நிலங்களைப் பாத்துக்குற துறை) ஒரு உத்தரவு போட்டு தேசியப் பூங்கா, பிஎல்எம்ங்கிற நில நிர்வாக அமைப்போட நிலத்துல எல்லாம் கதவைக் கொஞ்சம் திறந்து விட்டாங்க, அப்பவும் கடைசி முடிவு உள்ளூர் அதிகாரி கைல. இங்க ஜெர்மனில 25 சைக்கிள் சட்டப்படி சைக்கிள்தான், சாதா சைக்கிள் போற ட்ரெயில் எல்லாம் இதுவும் போகும். பாடன்-வுர்ட்டம்பெர்க்ல ரெண்டு மீட்டருக்குக் குறுகலான காட்டுப் பாதைல சைக்கிளே கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, அது பெரிய வயித்தெரிச்சல், ஆனா அது மோட்டார் இருக்குறவன் இல்லாதவன் எல்லாருக்கும் ஒரே மாதிரி. ட்ரெயில் கைவசம் இருக்குறதுக்காக ஏழு கிலோமீட்டரை விட்டுக் குடுன்னா நான் யோசிக்காம குடுத்துடுவேன், திறந்திருக்குற ட்ரெயில்ல 25ல போறது மூடின ட்ரெயில் வாசல்ல 32 சைக்கிளோட நிக்குறதைவிட எவ்வளவோ மேல்.

ஆன்சைட்ல அமெரிக்காவுல இருந்து ஐரோப்பாவுக்கு மாறி வர்றவங்க ஒண்ணு கவனிங்க, அங்க வாங்குன 32 சைக்கிளைக் கப்பல்ல ஏத்திட்டு வந்தா இங்க அது சைக்கிள் கணக்குலயே வராது. வித்துட்டு வாங்க.

45 போற எஸ்-பெடலெக், மவுண்டன் பைக் வடிவத்துலயும் கிடைக்குது. ட்ரெயிலுக்காகன்னா மறந்துடுங்க. இங்க அது மோட்டார் வண்டி, இன்சூரன்ஸ் நம்பர் பிளேட், ஹெல்மெட், லைசன்ஸ் எல்லாம் வேணும், காட்டுப் பாதைல இடமில்ல. ஆபீஸ் போறதுக்கு நல்ல வண்டி.

கடைசியா எல்லாரும் ரகசியமா கேக்குற வழி: லிமிட்டை எடுத்துடுறது. சின்ன டாங்கிள் ஒண்ணு, ஸ்பீடு சென்சார் சிக்னலைப் பாதியாக் காமிக்கும், சைக்கிள் 40ல போகும்போது மோட்டார் 20னு நம்பிக்கிட்டு இருக்கும். நூத்தம்பது இருநூறு யூரோவுக்கு ஆன்லைன்ல கிடைக்குது, பத்து நிமிஷத்துல மாட்டிடலாம், ஃப்ளோ ட்ரெயில்ல நான் சொன்ன எரிச்சல் போயிடும், உண்மைதான். ஆனா மாட்டின நிமிஷமே இங்க அது சைக்கிள் இல்ல, அனுமதி இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி, பொது வழில ஓட்டினா அபராதத்தோட நிக்காது, குற்ற வழக்கு வரைக்கும் போகும். பிரான்ஸ்ல 2019 சட்டத்துக்கு அப்புறம் 30,000 யூரோ அபராதம், ஒரு வருஷம் சிறை வரைக்கும் போகலாம். இதெல்லாம் யாரு பிடிக்கப் போறாங்கன்னு நீங்க நினைக்கலாம், சாதாரண நாள்ல பிடிக்கவும் மாட்டாங்க. பிரச்சினை வர்றது ஒரு வளைவுல நடந்து வர்ற வயசானவரை இடிச்ச நாள்ல. சைக்கிளை நிபுணர் பிரிச்சுப் பாப்பாரு, உங்க ஹாஃப்ட்ப்ஃப்ளிஷ்ட் இன்சூரன்ஸ் (அடுத்தவங்களுக்கு நீங்க பண்ற சேதத்துக்கானது) கையை விரிச்சிடும், அவரோட ஆஸ்பத்திரிச் செலவு வாழ்நாள் கடனா உங்க மேல நிக்கும்.

சட்டத்தை விடுங்க, சுகத்தை மட்டும் வச்சுப் பாத்தாலும் லாபம் கம்மி. பாஷ் சிஸ்டம் தில்லுமுல்லு கண்டுபிடிச்சா 504னு எரர் காமிச்சு உதவியைச் சுருக்கிடும், தொண்ணூறு நிமிஷம் அந்த நொண்டி மோட்லயே ஓட்டினாதான் சரியாகும், மூணு தடவை மாட்டினா கடைக்குத் தூக்கிட்டுப் போகணும். வாரண்டி போச்சு. பேட்டரியும் சீக்கிரம் காலி, காத்து எதிர்ப்பு ஏறுற வேகத்துக்கு 32ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25ஐவிட கால்வாசிக்கு மேல கூட சக்தி செலவாகும், 40னா கேக்கவே வேண்டாம். இத்தனையும் எதுக்கு? ரைடுல ஏத்தமும் இல்லாத இறக்கமும் இல்லாத அந்த நடுப் பட்டைக்காக மட்டும்.

இதுக்கு நடுவுல சுவாரசியமான ஒண்ணு நடக்குது. வேகத்தை ஏத்த முடியாததால கம்பெனிங்க எல்லாம் பவரை ஏத்துற போட்டில இறங்கிட்டாங்க, அதைப் பாத்து ஜெர்மன் சைக்கிள் தொழில் சங்கமான இசட்ஐவியே 2025ல பீக் பவருக்கு 750 வாட்னு ஒரு வரம்பு வைக்கலாம்னு சொல்லுச்சு. இப்படியே விட்டா ஒருநாள் இதையும் மோட்டார் சைக்கிளோட சேர்த்துடுவாங்கன்னு அவங்களுக்குப் பயம், நியாயமான பயம்தான். 1000 வாட் சைக்கிள்ல 25 லிமிட் இன்னும் கடுமையா உறைக்கும்ங்கிறதையும் சொல்லணும், ரெண்டு மிதில 25 வந்துடும், அப்புறம் சுவத்துல முட்டின மாதிரி நிக்கும். லிமிட் உங்களுக்கு எரிச்சலா இருக்கும்னு பயந்து அதிக பவர் வாங்குறது தலைகீழ் வைத்தியம்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. நீங்க வழக்கமா ஓட்டுற, இல்ல ஓட்டப் போற ரெண்டு மூணு ட்ரெயிலோட ஏத்த இறக்கப் படத்தை ஃபோன்ல எடுத்துப் பாருங்க. கோடு ரம்பப் பல்லு மாதிரி செங்குத்தா ஏறி இறங்குதா, ஃபுல் பவர் வாங்குங்க, 25ஐ மறந்துடுங்க. நீளமா, அலை அலையா லேசா போகுதா, லைட் சைக்கிள். பாதிக்கு மேல தட்டையா கிடக்குதுன்னா எனக்குக் கேட்டா மோட்டாரே வேண்டாம், நல்ல 13 கிலோ சாதா சைக்கிள் வாங்கி மீதிக் காசை ஆல்ப்ஸ்ல ஒரு வாரத்துக்கு வச்சுக்கோங்க, 28ல சிரிச்சுட்டே முந்திட்டுப் போனாரே அவரு மாதிரி நீங்களும் போகலாம்.

டெஸ்ட் ரைடு குடுக்கும்போது கடைக்காரர் கடை வாசல் ஏத்தத்துல டர்போ மோட்ல ஏத்திக் காமிச்சு அனுப்பிடுவாரு, அதுக்கு மயங்கிடாதீங்க. ஒரு சமதளமான மண் ரோட்டைத் தேடிப் போய் 23ல இருந்து 28 வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிச்சு ஏத்தி இறக்குங்க, மோட்டார் எப்படி விடுது, எப்படித் திரும்பப் பிடிக்குது, உள்ள ஏதாவது இழுக்குதா, பேட்டரியை ஆஃப் பண்ணிட்டு மிதிச்சா எப்படி இருக்குன்னு பாருங்க. முடிஞ்சா அரை நாள் வாடகைக்கே எடுத்துடுங்க, மலை ஊர்ல பல வாடகைக் கடைல வாங்குனா அந்தக் காசை விலைல கழிச்சுக்குவாங்க, கேட்டுப் பாத்துட்டே எடுங்க.